பெரிய இன நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு: எங்கள் றொக்கிக்கு நடந்தது

நாங்கள் இருப்பது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். 2023 கடைசியில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் களவு போனது. அதைக் கேள்விப்பட்ட அண்ணா கனடாவிலிருந்து கதைக்கும்போது, "நல்ல பெரிய நாய் ஒண்டு வாங்கி விடுங்கோ, காசு நான் அனுப்புறன்" என்றார். அப்படித்தான் 2024 ஜனவரி கடைசியில், எட்டுக் கிழமை வயதில், றொக்கி எங்களிடம் வந்தான். ஜேர்மன் ஷெப்பர்ட் இனம். இங்கே இன்னும் எல்லோரும் அல்சேஷன் என்றுதான் சொல்வார்கள். விலை 75,000 ரூபா. தடுப்பூசி அட்டையும் ஒரு சின்னப் பை சாப்பாடும் தந்துவிட்டார்கள். எப்படி வளர்க்க வேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் நாய் இருந்திருக்கிறது. சோறும் மீன் தலையும் தின்று பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் வாழ்ந்த ஊர் நாய்கள். நாய் வளர்க்கத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

ஊர் நாய்க்குட்டியையும் பெரிய இனக் குட்டியையும் ஒரே மாதிரி வளர்க்க முடியாது என்பது எனக்குத் தெரிய நான்கு மாதமும் ஒரு லட்சத்துக்கு மேல் காசும் போனது. எங்கள் ஒழுங்கை நாய் வளர்ந்து முடியும்போது பதினைந்து கிலோ வரும். றொக்கி மாதிரி ஒரு குட்டி எட்டுக் கிழமையில் ஏழு கிலோ இருந்து, ஒன்றரை வருடத்துக்குள் முப்பத்தைந்து கிலோவைத் தொடும். அந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் ஆறேழு மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. எலும்பு அவ்வளவு வேகமாக நீளும் காலத்தில் சாப்பாட்டில் விடும் பிழை நேராகக் காலில் போய் நிற்கும்.

நான் என்ன கொடுத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். காலையில் ஒரு முட்டையும் பசுப்பாலும். வெளிநாட்டுக் குட்டிச் சாப்பாடு ஒரு பாத்திரத்தில் நாள் முழுக்க நிரம்பியே இருக்கும், அவன் எப்போது வேண்டுமானாலும் தின்னலாம். மத்தியானம் சோறும் மாட்டிறைச்சியும். இரவு எலும்புச் சூப்பில் ஊறிய பாண். இதற்கு மேல் அம்மா குசினியில் நின்றால் அவனும் காலடியில் நிற்பான், ஏதாவது ஒன்று வாய்க்குள் போகும். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1995 ஒக்டோபர் 30, போரால் யாழ்ப்பாணச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் நடந்து போனோம். அப்போது வளவில் இருந்த எங்கள் நாயை அவிழ்த்துவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்தபோது அது இல்லை. பசியோடு எங்கே அலைந்து செத்ததோ என்று அம்மா இன்றும் சொல்வார். அதற்குப் பிறகு வந்த எந்த நாய்க்கும் அவர் சாப்பாடு இல்லை என்று சொன்னதில்லை. "வாயில்லாச் சீவன் பிள்ளை, கேக்கேக்க குடுக்காம விடலாமே?" என்பார். நானும் மறுத்ததில்லை.

மூன்று மாதத்தில் அவன் உருண்டு திரண்டு இருந்தான். வருகிற போகிற எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். சிங்கக்குட்டி மாதிரி இருக்கிறான், என்ன குடுக்கிறியள் என்று கேட்பார்கள். எனக்கு அதில் பெருமையாகவே இருந்தது. படம் எடுத்து அண்ணாவுக்கு அனுப்புவேன், அவர் தன் நண்பர்களுக்குக் காட்டுவார். பெரிய இனக் குட்டி ஒன்று கொழுகொழுவென்று இருந்தால் பார்ப்பவர்கள் புகழ்வார்கள், ஒட்டிய வயிறோடு இருந்தால் பட்டினி போடுகிறோம் என்று ஏசுவார்கள். என்னைப் பிழையான வழியில் கொண்டுபோனதில் பாதிக்கு மேல் அந்தப் புகழ்ச்சிதான்.

மூன்றரை மாதத்தில் முதல் அறிகுறி தெரிந்தது. முன்னங்கால் பாதங்கள் தட்டையாகி, விரல்கள் விரிந்து, இரண்டு பாதமும் வாத்துக்கால் மாதிரி வெளிப்பக்கம் திரும்பின. மணிக்கட்டு கீழே தாழ்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அண்ணை ஒரே பார்வையில், "கல்சியம் காணாது தங்கச்சி, உடன வாங்கிக் குடுங்கோ" என்றார். மருந்துக்கடையிலும் அதையேதான் சொன்னார்கள். கல்சியப் பாணி ஒரு போத்தல் வாங்கினேன். ஒரு கிழமையில் மாற்றம் தெரியாததால் அளவை இரட்டிப்பாக்கி, மாத்திரையும் சேர்த்தேன். அம்மா முட்டைக்கோதை வறுத்து இடித்துச் சோற்றில் தூவினார். முட்டைக்கோதின் நிறையில் ஐந்தில் இரண்டு பங்கு வரை கல்சியம்தான் என்பதைப் பிறகு அறிந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏற்கெனவே கல்சியம் கணக்காகச் சேர்த்துச் செய்த சாப்பாட்டின் மேல் நாங்கள் மூன்று வழியில் கல்சியத்தைக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

சித்திரை கடைசியில், ஐந்து மாதம் ஆகும் நேரம், இடது முன்னங்காலை ஊன்றத் தயங்கினான். காலையில் எழும்பியதும் மோசமாக இருக்கும், கொஞ்சம் நடந்தால் குறையும், ஓடி விளையாடினால் பின்னேரம் மறுபடி கூடும். முதலில் காட்டிய இடத்தில் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. வளருகிற நாய், சத்துக் காணாது என்று சொல்லி கல்சிய ஊசி போட்டார்கள், மூன்று நாள் விட்டு இன்னொன்று. என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்: குட்டி நொண்டுகிறது என்று போனால், அதன் நிறையையும் சாப்பாட்டையும் கேட்காமல் கல்சிய ஊசியை எடுக்கிற இடத்தில் நிற்க வேண்டாம், இன்னொருவரிடம் காட்டுங்கள். இரண்டாவதாகக் காட்டிய இடத்தில் உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்த்தார்கள். அது நல்ல யோசனை. எங்கள் பக்கத்தில் உண்ணி நிறைய. உண்ணிக் காய்ச்சலிலும் நாய் மூட்டு நோவால் நொண்டும். இரத்தத்தில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். நான் விசாரித்த இடங்களில் அந்தக் கிழமை அதற்கு வழி கிடைக்கவில்லை.

அந்த இரவுகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. பக்கம் மாறிப் படுக்கும்போது அனுங்குவான். நான் விறாந்தையில் அவனோடு பாய் போட்டுப் படுத்தேன். ஓர் இரவு தாங்க முடியாமல், அம்மா மூட்டு நோவுக்குப் போடும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கையில் வைத்துவிட்டேன். ஏதோ ஒரு பயத்தில் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு வைத்தியர் சொன்னார். மனிதருக்கான நோவு மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் ஈரலையும் பழுதாக்கும். ஐபுபுரோபன், டைக்ளோபினாக், பரசிற்றமோல் எதையும் நாமாகக் கொடுக்கக் கூடாது. நாய்க்கென்று வேறு நோவு மருந்துகள் இருக்கின்றன, நிறை பார்த்துத் தருவார்கள்.

கடைசியில் பேராதனைக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன். இலங்கையில் மிருக வைத்தியம் படிப்பிக்கும் ஒரே பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது, அதோடு சேர்ந்து ஓர் ஆஸ்பத்திரியும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர். வான் பிடித்து இரவு பதினொரு மணிக்கு வெளிக்கிட்டோம். நானும் றொக்கியும் சாரதியும் மட்டும்தான், அம்மாவுக்கு அவ்வளவு தூரம் இருக்க முடியாது. ஆனையிறவு தாண்டும்போது மடியில் தலையை வைத்தவன் தம்புள்ளை வரை அசையவில்லை. இப்படித் தூரப் பயணம் போகிறவர்கள் செய்ய வேண்டிய சில வேலைகளை நான் பட்டுத்தான் அறிந்தேன். நாய் நடப்பதையும் எழும்புவதையும் வீட்டிலேயே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். புது இடத்தில் பயத்தில் அது நொண்டுவதை மறைத்துவிடும், றொக்கி அங்கே நேராக நடந்து காட்டினான். சாப்பாட்டுப் பையின் பின்பக்கத்தையும் கொடுத்த மருந்துப் போத்தல்களையும் படமெடுத்துக் கொண்டுபோங்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான் எக்ஸ்ரே எடுக்க வேண்டி வரலாம், அதனால் எத்தனை மணிக்குப் பிறகு சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே போனில் கேளுங்கள்.

என் சிங்களம் கடைக்குப் போகும் அளவுக்குத்தான். அங்கே படிக்கும் மலையகத்துத் தங்கை ஒருத்தி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். முதலில் நிறுத்தார்கள், 27 கிலோ. அந்த வயதுக்கு ஐந்து, ஆறு கிலோ கூட. இடது தோள் மூட்டுத்தான் பழுது. குட்டியின் எலும்பு முதலில் குருத்தெலும்பாக வளர்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறும். அளவுக்கு மீறிய சாப்பாட்டாலும் கல்சியத்தாலும் அந்த மாற்றம் தடைப்பட்டால், மூட்டின் மேல் குருத்தெலும்பு தடித்து நிற்கும். தடித்த இடத்தின் அடிப்பகுதிக்குச் சத்துப் போய்ச் சேராது, அது பலவீனமாகும். அதன் மேல் கூடுதல் நிறையும் ஏறினால் வெடிக்கும், சில நாய்களில் துண்டாகக் கழன்றுவிடும். கழன்றால் சத்திர சிகிச்சைதான். "அக்கா, இவனுக்கு இன்னும் கழரல்ல, அதுவே பெரிய அதிர்ஷ்டம்" என்றாள். பரம்பரையும் ஒரு காரணம், எல்லாம் உங்கள் பிழையில்லை என்று வைத்தியர் சொல்லச் சொன்னதாகவும் சொன்னாள். நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது கல்சியத்தைப் பற்றிய விசயம்தான். வளர்ந்த நாய் கூடுதலாகக் கல்சியம் சாப்பிட்டால் குடல் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விட்டுவிடும். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. கொடுக்கக் கொடுக்க உள்ளே எடுத்துக்கொண்டே இருக்கும், எடுத்தது எலும்பில்தான் போய் விழும். ஆனால் இதைக் கேட்டுவிட்டு, சரி, வெறும் சோறும் இறைச்சியும் கொடுப்போம் என்று போனால் அது எதிர்ப்பக்கத்துப் பிழை. இறைச்சியில் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகக் குறைவு. அப்படி வளரும் குட்டி தன் எலும்பில் இருக்கும் கல்சியத்தையே கரைத்து எடுக்கும், எலும்பு சும்மா குதித்தாலே முறியும். வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன் என்பவர்கள் மிருக வைத்தியரிடம் அளவு எழுதி வாங்குங்கள், கண்ணளவில் செய்ய வேண்டாம். பையில் வரும் சாப்பாடு கொடுத்தால் அதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டாம்.

பையை வாங்கும்போது முன்பக்கத்து நாய்ப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தை வாசியுங்கள். அமெரிக்கத் தரத்தில் செய்த சாப்பாட்டில், வளர்ந்து 70 இறாத்தல், அதாவது கிட்டத்தட்ட 32 கிலோ, அல்லது அதற்கு மேல் வரும் பெரிய நாய்களின் வளர்ச்சிக்கும் இது பொருந்துமா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். அந்த வகைக் குட்டிகளுக்குக் கல்சியம், ஈரம் நீக்கிய சாப்பாட்டில் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்தத் தரம். நான் இரண்டு மாதமாகக் கொடுத்த பையில் இந்த இனங்களுக்குப் பொருந்தாது என்றே எழுதியிருந்தது. நான் வாசித்திருக்கவில்லை. புரதம் கூடினால் எலும்பு கெடும் என்று பலர் சொல்வார்கள், அதை நான் பேராதனையில் கேட்டேன். பயப்பட வேண்டியது மொத்தச் சாப்பாட்டின் அளவுக்கும் கல்சியத்துக்கும்தான் என்றார்கள்.

நிறை குறைக்கச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வளரும் குட்டியை மெலிய வைப்பதில்லை, நிறையை அப்படியே பிடித்து வைத்து உயரத்தை அதற்குச் சமமாக வரவிடுவதுதான் முறை. கல்சியம், பால், சூப் எல்லாவற்றையும் நிறுத்தி, சரியான சாப்பாடு ஒரு நாளைக்கு 400 கிராம், மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அது அவனுக்கு, அந்தப் பைக்குச் சொன்ன கணக்கு, உங்கள் குட்டிக்கு வேறாக இருக்கும். பதினைந்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும். கோப்பையால் அளந்தால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடிப் போகும், அதனால் சின்ன இலத்திரனியல் தராசு ஒன்று வாங்கினேன்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனையையும் அந்தத் தங்கை காட்டினாள். கையை மூடி விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். குட்டியின் விலா அப்படித் துருத்திக்கொண்டு தெரிந்தால் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள், எலும்பு மெல்லிய தோலுக்குக் கீழே விளங்கும். விலா அப்படி இருந்தால் சரி. உள்ளங்கையைத் தடவுவது மாதிரி அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. மேலே நின்று பார்த்தால் விலாவுக்குப் பின் இடுப்பு ஒடுங்க வேண்டும், பக்கத்தில் நின்று பார்த்தால் வயிறு மேல்நோக்கி ஏற வேண்டும். றொக்கியின் விலாவை நான் அன்று தேடித் தேடித்தான் கண்டுபிடித்தேன். மயிர் அடர்ந்த இனத்தில் கண்ணை நம்பக் கூடாது, கைதான் சொல்லும். நிறையும் கிழமைக்கு ஒருமுறை வேண்டும். சின்னதாக இருக்கும்போது தூக்கிக்கொண்டு ஏறி நின்று உங்கள் நிறையைக் கழிக்கலாம். 27 கிலோ நாயை என்னால் தூக்க முடியாது. சந்திக்குப் பக்கத்தில் வெங்காயம் வாங்கும் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது, ஒவ்வொரு சனிக்கிழமையும் அதில் ஏற்றினேன். முதலாளி அண்ணை ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஆறு கிழமை ஓட்டம், குதிப்பு, படி ஒன்றும் இல்லை, கழுத்துப்பட்டியோடு மெதுவான நடை மட்டும். எங்கள் வீட்டு நிலம் முழுக்க மாபிள், அதில் அவன் கால் வழுக்கிக்கொண்டே இருந்ததையும் அதுவரை நான் பொருட்படுத்தவில்லை. பழைய உரச் சாக்குகளைப் பிரித்துக் கழுவி விறாந்தை நெடுக விரித்தோம். பின்பு வாசித்தபோது, நோர்வேயில் பெரிய இனக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், முதல் மூன்று மாதத்தில் படியேறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடவும், மெத்தென்ற நிலத்தில் தன்பாட்டில் சுற்றித் திரிந்த குட்டிகளுக்குக் குறையவும் இருந்ததாக அறிந்தேன். எங்கள் வளவு மணல் வளவு. அவனை மாபிளில் அடைத்து வைக்காமல் முதலிலிருந்தே மணலில் விட்டிருக்கலாம். இங்கே சில பொடியள் ஐந்து மாதக் குட்டியை மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிடுவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த இனங்களில் எலும்பின் வளரும் முனைகள் மூட ஒரு வருடத்துக்கு மேலாகும்.

மருந்தைவிடக் கடினமாக இருந்தது அம்மாதான். சாப்பாடு குறைத்த முதல் கிழமை றொக்கி வெறும் பாத்திரத்தை நக்கி நக்கித் தள்ளிக்கொண்டு போவான், அந்தச் சத்தம் கேட்டு அம்மா அறைக்குள் போய்விடுவார். ஒரு நாள் குசினியில் ஒளித்து இடியப்பம் கொடுப்பதைக் கண்டு நான் சத்தம் போட்டுவிட்டேன். அன்று இரவு முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் அவரை இருத்தி, நான் வாசித்த ஒன்றைச் சொன்னேன். அமெரிக்காவில் 48 லப்ரடோர் குட்டிகளை இரண்டு இரண்டாகச் சோடி சேர்த்து, சோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைத்துச் சாப்பாடு கொடுத்து, சாகும் வரை பார்த்திருக்கிறார்கள். 2002இல் முடிவு வந்தது. குறைத்துத் தின்ற நாய்களில் பாதி 13 வருடத்தைத் தாண்டின, நிறையத் தின்றவற்றில் பாதி 11.2 வருடத்தைத்தான் தாண்டின. மூட்டு வருத்தமும் குறைத்துத் தின்றவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப குறைச்சுக் குடுத்தா கனகாலம் என்னோட இருப்பான் எண்டுறியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அன்றிலிருந்து தராசு அம்மாவின் கையில்தான். அவருக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் கரட், கெக்கரிக்காய்த் துண்டு என்று மாற்றினோம். அதுவும் ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல்.

காசுக் கணக்கும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். கல்சியப் பாணி, மாத்திரை 9,400. உள்ளூரில் இரண்டு இடத்திலும் 14,500. பேராதனைக்குப் போய்வந்த வான் 62,000. எக்ஸ்ரே, மயக்கம், மற்றச் செலவு 18,000. மருந்து 6,500. மொத்தம் 110,400 ரூபா, குட்டி வாங்கிய விலையைவிடக் கூட. வேலைக்கு ஒன்பது நாள் லீவு. முதல் கிழமையிலேயே ஒரு தராசும் சரியான சாப்பாட்டுப் பையும் வாங்கியிருந்தால் இதில் பெரும்பகுதி போயிருக்காது.

நான்கு கிழமையில் அவன் நிறை 27.3 கிலோ, ஆனால் உயர்ந்திருந்தான், இடுப்பு தெரியத் தொடங்கியது. பாதங்கள் மெல்ல மெல்லக் கூடி மூடின. ஆடி நடுவில் நொண்டல் நின்றது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காரைநகர் கசூரினாக் கடலுக்குக் கொண்டுபோய், ஆழமில்லாத தண்ணீரில் நடக்கவிட்டேன், மூட்டில் பாரம் விழாமல் சதை பிடிக்க அது நல்லது என்று சொல்லியிருந்தார்கள். ஆண்மை நீக்கும் சத்திர சிகிச்சையையும் ஒரு வயது தாண்டும் வரை தள்ளி வைக்கச் சொன்னார்கள், இந்த இனத்தில் முந்திச் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுமாம்.

2025 தொடக்கத்தில் அவனுக்குப் பதினான்கு மாதம். அப்போது ஒரு சனிக்கிழமை வெங்காயக் கடைத் தராசில் 31.4 கிலோ. இடது பாதம் இன்னும் கொஞ்சம் வெளியே பார்க்கிறது, அது அப்படியேதான் இருக்கும். அந்த மாரியில் மழை பெய்து குளிர்ந்த சில காலைகளில் எழும்பி முதல் பத்து அடி விறைப்பாக நடந்தான். தெருவில் இறங்கினால், "என்ன பிள்ளை, அல்சேஷன் மெலிஞ்சு போச்சு, சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று கேட்கிறார்கள். அம்மா கேட்டடிக்கு வந்து, அவன் விலாவில் கேட்டவரின் கையைப் பிடித்து வைத்து, தன் புறங்கையையும் தடவிக் காட்டி விளங்கப்படுத்துகிறார்.